குகைவாயில் வைத்த கல்



ஒரே நிழல் தாங்கலுக்கு வரும் அண்ணனும் தம்பியும் இருக்கிறார்கள். மாத முதல் ஞாயிறு உச்சிப்படிப்புக்கு அண்ணன் வருவார். அன்று மாலைப் பணிவிடைக்குத் தம்பி வருவார். யாரும் வகுத்துக் கொடுத்த முறை அல்ல அது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருப்பதற்காகத் தானாகவே அமைந்துகொண்ட ஏற்பாடு. இருவரும் ஒரே விதமாகத் தலைப்பாகை கட்டுகிறார்கள். ஒரே திருமண்ணை நெற்றியில் இடுகிறார்கள். பள்ளியறையில் இரண்டு விளக்குகளுக்கு நடுவே இருக்கும் அதே கண்ணாடியின் முன் கைகூப்பி நிற்கிறார்கள். நண்பகலில் அதில் அண்ணன் முகம், அந்தியில் தம்பி முகம். பதினோரு ஆண்டுகளாக அந்தக் கண்ணாடி இருவரையும் சேர்த்துப் பார்த்ததில்லை.

ஊரும் பெயரும் இங்கே வேண்டியதில்லை. இதைப் படிக்கிற பலருக்கும் தங்கள் ஊரிலேயே, சிலருக்குத் தங்கள் வீட்டிலேயே, இந்தக் கதை கிடைக்கும்.

தகப்பனார் விட்டுப்போனது நாற்பத்திரண்டு சென்ட் விளை, பழைய ஓட்டு வீடு, ஒரு கிணறு. பிள்ளைகள் மூவர். மூத்தவர் பத்தொன்பது வயதில் பம்பாய்க்குப் போனார். ஓட்டல் வேலை, பிறகு சின்னதாக ஒரு கடை. வீட்டுக்கு ஓடு போட்டது அவர் பணம். தங்கைக்கு நகை செய்ததும் அவர் பணம். இளையவர் ஊரிலேயே இருந்தார். தகப்பனார் படுக்கையில் கிடந்த எட்டு மாதமும் தூக்கி உட்கார வைத்தது அவர் கை, பீ மூத்திரம் அள்ளியதும் அவர் கை. நடுவில் பிறந்த பெண், திருமணம் ஆகி இரண்டு ஊர் தள்ளிப் போனவர், அண்ணனும் தம்பியும் கேட்டுக்கொண்டபடி விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பங்கு வைக்கும்போது சாலையோரம் யாருக்கு என்ற பேச்சு வந்தது. அதைக்கூட ஊர்ப் பெரியவர்கள் ஒருவாறு தீர்த்துவிட்டார்கள். தீராமல் நின்றது ஒரு வாக்கியம். தகப்பனாரின் ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கணக்கு வேண்டும் என்று அண்ணன் கேட்டார். அதற்குத் தம்பி, "நீ அனுப்பின ரூபாய்க்கு நான் ரசீது தாரேன். நான் முழிச்ச ராத்திரிக்கு நீ ரசீது தா" என்றார். அதுவரை அண்ணனை 'நீங்க' என்றே சொல்லி வந்த தம்பியின் வாயில் 'நீ' வந்தது அன்றைக்குத்தான். அண்ணனுக்குக் கணக்கு மறந்துவிட்டது. அந்த ஓரெழுத்து மறக்கவில்லை.

இதில் தர்மம் யார் பக்கம்?

இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் ஊர் இரண்டாகிறது. பத்தொன்பது வயதில் வீட்டை விட்டுப் போய், இருபது ஆண்டு ஒரு கட்டில் அகல இடத்தில் படுத்து எழுந்து பணம் அனுப்பியவன் கணக்குக் கேட்கக் கூடாதா? கேட்கலாம். எட்டு மாதம் உறங்காதவனிடம் சந்தேகத்தோடு கணக்குக் கேட்பது முறையா? முறையில்லை. இரண்டு விடையும் சரி. உடன்பிறந்தார் பகையில் பெரும்பாலும் இப்படித்தான். ஒருவன் களவாண்டான், ஒருவன் ஏமாந்தான் என்றால் தீர்ப்புச் சொல்வது எளிது. இருவர் கையிலும் நியாயம் இருக்கும்போதுதான் பகை தலைமுறை தாண்டி நிற்கிறது. தன் நியாயத்தை விட்டுவிட யாருக்கும் மனம் வராது அல்லவா.

இராமாயணத்தில் வாலியும் சுக்கிரீவனும் பிரிந்த கதை இதற்கு மிக நெருக்கமானது. மாயாவி என்னும் அசுரனைத் துரத்திக்கொண்டு வாலி ஒரு பிலத்துக்குள் நுழைந்தான். வாயிலில் காவலாக நில் என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனான். சுக்கிரீவன் நின்றான். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, கம்பர் கணக்குப்படி இருபத்தெட்டு மாதம். அண்ணன் வரவில்லை. மாண்டுபோனான் என்றே எல்லாரும் முடிவு கட்டினார்கள். தானும் உள்ளே போய் உயிர் விடுவேன் என்று அழுத தம்பியைப் பெரியவர்கள் பிடித்து நிறுத்தினார்கள். அசுரன் வெளியே வந்துவிடாதபடி வாயிலை மலைக்கல்லால் அடைத்தார்கள். அரசு ஆளில்லாமல் கிடக்கக் கூடாது என்று தம்பிக்கு முடி சூட்டினார்கள்.

உள்ளே வாலி அசுரனைக் கொன்றுவிட்டுத் திரும்பி வருகிறான். வழி அடைபட்டிருக்கிறது. எந்தத் தம்பியைக் காவலுக்கு நிறுத்தினானோ அவன் இருந்த இடத்தில் ஒரு கல். அதை உதைத்துத் தள்ளிவிட்டு வந்து பார்த்தால் தன் ஆசனத்தில் அந்தத் தம்பி.

வாலி கண்ணால் கண்டது பொய்யில்லை. கல் இருந்தது, முடி இருந்தது. சுக்கிரீவன் சொல்ல வந்ததும் பொய்யில்லை. இருபத்தெட்டு மாதக் காவல் இருந்தது, கண்ணீர் இருந்தது. ஆனால் கல்லைக் காட்டலாம், முடியைக் காட்டலாம். காத்து நின்ற மாதங்களை எடுத்து யாரிடம் காட்டுவது? தம்பி காலில் விழுந்து சொல்லியும் அண்ணன் செவி கொடுக்கவில்லை. அடித்துத் துரத்தினான். துரத்தியதோடு நிற்காமல் தம்பி மனைவி உருமையையும் தன்னிடம் வைத்துக்கொண்டான். இங்கேதான் வாலி தவறினான். ஐயப்பட்டது தவறில்லை. தவறாகப் புரிந்துகொண்டதும் பெரிய பிழை அல்ல. கேட்க மறுத்ததும், மறுத்த கையோடு அநியாயத்தில் இறங்கியதும்தான் பிழை. முதல் நாள் அவன் கையில் இருந்த நியாயம் அந்த ஒரு செயலில் அவனை விட்டுப் போய்விட்டது.

இதை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், தன் பக்கம் நியாயம் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் மனிதன் பெரிய அநியாயங்களைச் செய்கிறான். பங்கில் ஏமாந்த அண்ணன் தம்பி மகளின் கல்யாணப் பேச்சைக் கலைக்கிறான். கணக்குக் கேட்கப்பட்ட தம்பி, அண்ணன் போகிற பாதையில் முள் வெட்டிப் போடுகிறான். கேட்டால் இருவரும் முதல் நாள் கதையையே சொல்வார்கள்.

அம்பு பட்டு வீழ்ந்து கிடந்தபோது வாலிக்கு எல்லாம் தெளிந்தது. கம்பர் காட்டும் அந்த இடத்தைக் கல் நெஞ்சும் உருகாமல் படிக்க முடியாது. இராமனிடம் அவன் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. தம்பி மது உண்டு புத்தி தடுமாறித் தவறு செய்தால் என்மேல் விட்ட அம்பை அவன்மேல் விட்டுவிடாதே என்று கேட்கிறான். அண்ணனைக் கொல்வித்தவன் என்று உன் தம்பிமார் என் தம்பியை இகழ்ந்தால் நீ தடுத்துவிடு என்று கேட்கிறான். அவ்வளவு பாசம் அந்த நெஞ்சுக்குள் அத்தனை காலமும் இருந்திருக்கிறது. சுக்கிரீவன் உருசியமுக மலையில் பயந்து ஒளிந்திருந்த நாள்களிலும் அது இருந்திருக்கிறது. வெளியே வர ஒரு அம்பு வேண்டியிருந்தது.

அப்படியானால் தவறு செய்யும் உடன்பிறப்போடு எப்போதும் சேர்ந்தே நிற்க வேண்டுமா? அண்ணன் என்ற ஒரே காரணத்துக்காக அநியாயத்துக்குத் துணை போகலாமா? இதற்கு இலங்கையில் இரண்டு தம்பிமார் இரண்டு விதமாக விடை சொன்னார்கள்.

பிறன் மனைவியைச் சிறை வைத்தது பிழை என்று வீடணன் இராவணனிடம் சொன்னான். கும்பகருணனும் அதையேதான் சொன்னான். தம்பிமார் இருவரும் அண்ணன் முகத்துக்கு நேரே சொன்னார்கள், முதுகுக்குப் பின்னால் அல்ல. அண்ணன் கேட்கவில்லை. வீடணன் தர்மத்தின் பக்கம் போய்ச் சேர்ந்தான். கும்பகருணன், வெல்ல முடியாது என்று தெரிந்தே, தன்னை வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பிய அண்ணனுக்காகச் சாகப் போனான். வீடணனைக் காட்டிக்கொடுத்தவன் என்பாரும் கும்பகருணனை அறிவிருந்தும் வீணாய்ப் போனவன் என்பாரும் இன்றும் உண்டு. திண்ணையில் இருந்து இந்த வழக்கைப் பேசாத ஊர் இல்லை.

அந்த வழக்கில் அதிகம் பேசப்படாதது ஒன்று உண்டு. போர்க்களத்தில் இந்த இரண்டு தம்பிமாரும் சந்தித்தார்கள். எதிர் எதிர்ப் படை. வீடணன் வந்து, நீயும் இந்தப் பக்கம் வந்துவிடு என்று அழைத்தான். கும்பகருணன் வரவில்லை. ஆனால் அவன் தம்பியைத் திட்டவும் இல்லை. தழுவிக்கொண்டான். வீடணன் பிழைத்திருக்க வேண்டும் என்பதே அவன் ஆசை. அங்கே சாகப் போகிறவர்களுக்கெல்லாம் எள்ளும் தண்ணீரும் விட ஒருவன் மிஞ்ச வேண்டும், அது நீதான், போய்விடு என்றான். பிறகு களத்தில் உறுப்பிழந்து சாகும் தறுவாயில் இராமனிடமே ஒரு வரம் கேட்டான். வீடணனை இராவணன் கண்டால் கொன்றுவிடுவான், அவனைக் கைவிடாமல் காப்பாற்று என்பது அந்த வரம். பகைவனிடம் தம்பியை ஒப்படைத்துவிட்டுச் செத்தான். வீடணனும் இராவணன் விழுந்தபோது மகிழ்ந்து கூத்தாடவில்லை. உடல்மேல் விழுந்து அழுதான், கடன் செய்தான்.

வழி பிரிந்தது. உறவு பிரியவில்லை. துவாபரத்தில் நூற்றுவரிலும் இந்த விதமாக ஒருவன் உண்டு. பாஞ்சாலிக்காகச் சபையில் எழுந்து பேசிய விகர்ணன் போரில் அண்ணன் பக்கமே நின்று வீமன் கையால் இறந்தான். அவனைக் கொன்ற வீமனே அவனுக்காக வருந்தினான்.

ஆகவே விலகுவதா, உடன் நிற்பதா என்பது ஒன்றே கேள்வி ஆகாது. விலகிப் போகிறவன் எதைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறான் என்பதையும் கேட்க வேண்டும். தர்மத்துக்காக விலகினேன் என்கிறவன், உடன்பிறந்தவன் வீட்டில் ஒரு இழவு விழுந்தால் மனதுக்குள் கணக்குத் தீர்ந்தது என்று நினைக்கிறானா, அல்லது துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறானா? அவன் வீடணனா இல்லையா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

இங்கே அன்புக்கொடி மக்கள் நினைத்துப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. அகிலத்திரட்டு அம்மானையில் குறோணியின் துண்டுகள் யுகந்தோறும் பிறந்து வரும் வரலாறு சொல்லப்படுகிறது. திரேதாயுகத்தில் அது இராவணன். துவாபரத்தில் துரியோதனனும் அவன் தம்பிமாரும். அந்த யுகங்களில் தீமைக்கு ஒரு உடல் இருந்தது. இதோ இவன் என்று விரலை நீட்டிக் காட்டலாம். கலியுகத்தில் அப்படி இல்லை. கலி மாயையாக ஒவ்வொருவர் உள்ளத்திலும் புகுந்து இருக்கிறது. ஆனாலும் மனிதனுக்குப் பழைய யுகத்து விரல் போகவில்லை. பாகப்பிரிவினை நடக்கும் எந்த வீட்டிலும் போய்க் கேட்டால், எதிரில் இருப்பவன் இராவணன், பேசுகிறவன் வீடணன். அண்ணனைக் கேட்டாலும் இதுதான், தம்பியைக் கேட்டாலும் இதுதான். ஒரு வீட்டுக்கு இரண்டு வீடணன், இரண்டு இராவணன்!

பதிகளிலும் தாங்கல்களிலும் கண்ணாடி இருப்பதற்குப் பெரியவர்கள் பல விளக்கம் தருகிறார்கள். இறைவன் உனக்குள்ளேயே இருக்கிறான் என்பது அதில் முதன்மையானது. இறைவனைத் தேடி அதற்குள் பார்க்கிற கண்ணுக்கு, வழியில் தன் முகமும் தென்படாமல் போகாது. அந்த முகத்தில் இராவணன் சாடை ஏதும் உண்டா என்று ஒரு நொடி நின்று பார்க்கலாம்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. பொறுமை, விட்டுக்கொடுத்தல் என்று பேச்சு வந்தால் பஞ்சாயத்தில் எல்லார் கண்ணும் ஒரே பக்கம் திரும்பும். பலம் குறைந்தவன் பக்கம். பெரும்பாலும் பெண் பக்கம். "நீ கெட்டிக்காரி, நீ விட்டுக்கொடு மக்களே" என்பார்கள். மேலே சொன்ன குடும்பத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் சண்டை போட நிலம் இருந்தது. நடுவில் பிறந்தவருக்கு அதுவும் இல்லை. நகை போட்டுக் கட்டிக் கொடுத்தோமே என்பதுதான் இருவரும் ஒத்துப்போன ஒரே பேச்சு.

சட்டம் இதில் வெகுதூரம் வந்துவிட்டது. உயில் எழுதாமல் இறந்த தகப்பனின் சொந்த சம்பாத்தியத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே உண்டு. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989-இல் திருத்தம் செய்தது. அதற்கு முன் திருமணமான பெண்களுக்கு அது கிடைக்காமல் இருந்தது. 2005-இல் வந்த மத்திய அரசின் திருத்தம் அந்த வேற்றுமையையும் நீக்கியது. அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இவ்வளவும் இருக்க, இன்னும் பல வீடுகளில் பெண்ணின் பங்கு கையெழுத்தாகத்தான் போகிறது. மனம் ஒத்துக் கொடுத்தால் அது அவள் பெருமை. கேட்டால் பிறந்த வீட்டுப் படி மிதிக்க முடியாது என்ற பயத்தில் கொடுத்தால், வாங்கியவர்களுக்கு அது என்ன? தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதே தர்மம் என்று அய்யா வைகுண்டர் காட்டிய வழியில் நடப்பவர்கள், தாழ்ந்து கிடப்பவர் தன் வீட்டுக்குள்ளேயே இருந்தால் காணாமல் போய்விடலாகாது. தன் பங்கைக் கேட்பது பகை அல்ல. கேட்டவளோடு பேச்சை நிறுத்துவதுதான் பகை.

அந்தப் பெண்ணின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. தாய்மாமன் முறை செய்ய வேண்டும். ஒருவர் வந்தால் மற்றவர் வர மாட்டார். அவர் இரண்டு வீட்டுக்கும் தனித்தனியாக நடந்து தனித்தனியாக அழைத்தார். மூத்தவர் முந்தின நாள் இரவே வந்து முறையைச் செய்துவிட்டுப் போய்விட்டார். இளையவர் முகூர்த்தத்துக்கு வந்தார். மணப்பெண் இரண்டு மாமன்மாரின் கையிலும் ஆசி வாங்கினாள். இருவரோடும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ள மட்டும் முடியவில்லை.

தாயார் இருந்தார். ஒரு மாதம் மூத்த மகன் வீடு, ஒரு மாதம் இளைய மகன் வீடு. இடையில் ஒரு வேலி. மாதம் பிறக்கும் அன்று ஒரு பையில் இரண்டு சேலையும் தைலப் புட்டியும் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு, வேலியைச் சுற்றிச் சாலை வழியாக அவரே நடந்து போவார். ஒரு மகன் பையோடு வாசல் வரை வருவான். அடுத்த வாசலில் இன்னொரு மகன் நிற்பான். நடுவில் இருக்கும் நாற்பது அடியில் பையைத் தூக்க ஆள் இல்லை. அவருக்கு எண்பது வயது நெருங்கியிருந்தது. இந்த நாற்பது அடியைப் பற்றி அவர் எந்த மகனிடமும் குறை சொன்னதில்லை. மகளிடம் மட்டும் ஒருமுறை, "பை கனமில்லை மக்கா" என்றார்.

பாகப்பிரிவினைப் பத்திரத்தில் ஒரு வரி உண்டு. கிணறும் கிணற்றுக்குப் போகும் பாதையும் இருவருக்கும் பொது என்று. அந்தக் காலத்தில் எல்லாப் பத்திரத்திலும் இப்படி எழுதுவார்கள். நிலத்தைக் கயிறு பிடித்து அறுக்கலாம், தண்ணீரை அறுக்க முடியாது அல்லவா. சாமிதோப்பில் முத்திரிக்கிணறு இருக்கிறது. ஒரு கிணற்றில் ஒன்றாக நீர் எடுக்கக் கூடாது என்றிருந்த காலத்தில் பதினெண் சாதியாரும் ஒன்றாகத் தண்ணீர் எடுத்த கிணறு அது. சாதிக்குச் சாதி வைத்திருந்த வேலியை ஒரு கிணற்றடியில் அய்யா எடுத்துப் போட்டார். அந்தக் கிணற்றில் பதமிட்டு வந்த குடும்பத்தில்தான், தம்பியோடு ஒரே கிணற்றில் வாளி விடக் கூடாது என்று அண்ணன் தன் பங்கில் ஆழ்துளைக் கிணறு போட்டார். நானூறு அடி. உடன்பிறந்தவன் முகத்தில் விழிக்காமல் இருக்க நானூறு அடி பூமியைத் துளைக்க வேண்டியிருந்தது.

தாயார் தவறினார். இளையவர் வீட்டு மாதத்தில். மூத்தவர் வேலிக்கு வெளியே சாலையில் நின்றார். யாரோ போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். அடக்கம் செய்யும் இடத்தில் இருவரும் ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். குழிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். பேசவில்லை.

அடுத்த சித்திரையில் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. கழற்றி எடுத்துப் போனவர்கள் நான்கு நாள் ஆகும் என்றார்கள். இரண்டாம் நாள் காலை மூத்தவரின் மனைவி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, பதினோரு ஆண்டு புல் மூடிக் கிடந்த பொதுப் பாதை வழியாகக் கிணற்றடிக்கு வந்தார். இளையவரின் மனைவி அங்கே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். எழுந்து, கையைக் கழுவி, வாளியைக் கிணற்றில் இறக்கி, தானே இறைத்து, அக்காவின் குடத்தில் ஊற்றினார்.

வீட்டுக்குள் இருந்து அதைப் பார்த்த இளையவர், மறுநாள் விடிவதற்கு முன் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பாதையின் புல்லைச் செதுக்கினார். தன் பங்கு முடியும் இடத்தில் நிறுத்தவில்லை. அண்ணன் வீட்டுப் படி வரைக்கும் செதுக்கிவிட்டு வந்தார்.